அநாமதேயக் கோப்புப் பகிர்வில் சிக்கலா? அறிகுறி வாரியாகத் தீர்வுகள்

யார் என்று காட்டிக்கொள்ளாமல் கோப்புகளைப் பகிர உதவும் ஐ2பி, ஆனியன்ஷேர், ஹைப்பநெட் போன்ற மென்பொருள்களை நிறுவுகிறவர்களில் பலர் முதல் நாளிலேயே எதிலாவது மாட்டிக்கொள்கிறார்கள். இணைப்பு கிடைக்காது. கிடைத்தாலும் கோப்பு நகராது. நகர்ந்தாலும் பொறுமையைச் சோதிக்கும் வேகத்தில் வரும். உடனே அமைப்புகளைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண மென்பொருளில் ‘வேலை செய்கிறதா’ என்ற ஒரு கேள்வி போதும். இங்கே இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: ‘என்னை மறைத்தபடி வேலை செய்கிறதா?’ இணையத்தில் கிடைக்கும் பல ‘உடனடித் தீர்வுகள்’ முதல் கேள்விக்கு விடை தந்துவிட்டு இரண்டாவதைக் காவு கொடுத்துவிடுகின்றன. கோப்பு வேகமாக வரும்; இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் வேகமாக வெளியே போகும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு தீர்வும் அந்தரங்கத்தைத் தொடுகிறதா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் கால் மணி நேரமாவது காத்திருங்கள். ஐ2பியில் பிற பயனாளர்களின் கணினிகள் (கணுக்கள்) வழியே தரவு போகும் சுரங்கப் பாதை ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 10 நிமிடம். பழைய சுரங்கங்கள் காலாவதியாகிப் புதியவை எழும்வரை நீங்கள் செய்த மாற்றத்தின் பலன் தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொத்தானைத் தட்டினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியப்போவதில்லை.

“நிறுவிவிட்டேன், எதனுடனும் இணையவில்லை”

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இதைச் சொன்னால் நம்பாதவர்கள்தான் அதிகம், ஆனால் இணைப்புச் சிக்கல்களில் கணிசமானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஐ2பியில் பரிமாறப்படும் செய்திகளில் காலாவதி நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கணினியின் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகினாலே மற்ற கணுக்கள் உங்களை ஒதுக்கத் தொடங்கிவிடும். ஆனியன்ஷேர் நம்பியிருக்கும் டோர் என்ற மறைப்பு வலையமைப்பும் அப்படித்தான். அதன் கணுப்பட்டியல் சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். கடிகாரம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் பட்டியலே செல்லாததாகிவிடும்.

‘என் கடிகாரம் சரியாகத்தான் காட்டுகிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். திரையில் மணி சரியாக இருந்தும் நேர மண்டலம் தவறாக இருக்கலாம். அப்போது உலகப் பொது நேரம் மணிக்கணக்கில் பிசகியிருக்கும்; மென்பொருள் பார்ப்பது அதைத்தான். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் நேரம் புரண்டுவிடும். நேர மண்டலத்தைச் சரிசெய்து, இணையவழித் தானியங்கி நேர ஒத்திசைவை இயக்குங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறங்கள். இதனால் அந்தரங்கத்துக்குப் பாதகம் எதுவுமில்லை.

கடிகாரம் சரி என்றால் அடுத்தது ரீசீட். புதிதாக நிறுவிய ஐ2பி நிரலுக்கு வலையமைப்பில் யாரையும் தெரியாது. முதல் அறிமுகத்துக்காக மட்டும் அது சில ரீசீட் சர்வர்களிடம் போய், ஒரு சிறு கணுப்பட்டியலை வாங்கி வருகிறது. பிரவுசரில் 127.0.0.1:7657 என்ற முகவரியைத் திறந்தால் ஐ2பியின் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். (சி++ மொழியில் எழுதப்பட்ட ஐ2பிடி என்ற இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்தினால் அந்த எண் 7070.) பக்கவாட்டில் ‘அறிந்த கணுக்கள்’ எண்ணிக்கை இருக்கும். அது பூஜ்யத்திலோ ஒருசில பத்துகளிலோ நின்றுவிட்டால் ரீசீட் நடக்கவில்லை என்று பொருள். ரீசீட் அமைப்புப் பக்கத்தில் மீண்டும் முயலச் சொல்லலாம். அந்த சர்வர்களையே உங்கள் வலையமைப்பு தடுத்திருந்தால், நம்பகமான ஒருவரிடமிருந்து கையொப்பமிட்ட ரீசீட் கோப்பை வாங்கி அதே பக்கத்தில் ஏற்றலாம். கையொப்பத்தை மென்பொருளே சரிபார்த்துக்கொள்ளும். சரிபார்ப்பு தோற்றால் அந்தக் கோப்பைத் தூக்கி எறியுங்கள்.

டோரை நம்பி இயங்கும் ஆனியன்ஷேர் இணையவில்லை என்றால், கடிகாரத்துக்கு அடுத்தபடியாகப் பிரிட்ஜை, அதாவது பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணுவைப் பாருங்கள். டோருக்கான நேரடி வழி அடைக்கப்பட்டிருக்கும் இடங்களில் ஓபிஎஃப்எஸ்4, ஸ்னோஃபிளேக் போன்ற பிரிட்ஜ்கள் வழிவிடும். ஆனியன்ஷேரின் இணைப்பு அமைப்புகளிலேயே அவற்றைத் தேர்வு செய்யலாம். இதுவும் பாதுகாப்பான மாற்றமே.

“ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்கிறது”

ஐ2பி கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இந்த வாசகத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். இது பிழைச் செய்தி அல்ல, நிலவரத் தகவல். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை உங்கள் கணினி நேரடியாக ஏற்க முடியவில்லை என்பது மட்டுமே இதன் பொருள். அந்த நிலையிலும் ஐ2பி இயங்கும். மற்ற கணுக்கள் அறிமுகம் செய்துவைத்து இணைப்பை ஏற்படுத்தித் தரும். வேகம் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

சரிசெய்ய விரும்பினால், ஐ2பியின் வலையமைப்பு அமைப்புகளில் அது தேர்ந்துகொண்ட போர்ட் எண்ணை (இணைப்புகள் வந்து சேரும் வாசலின் எண்) பாருங்கள். நிறுவும்போது அதுவாகவே ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ளும். ஆளுக்கு ஆள் அது மாறும். வீட்டு ரவுட்டரில் அந்த எண்ணை டிசிபி, யூடிபி என்ற தரவு அனுப்பும் முறைகள் இரண்டுக்குமே உங்கள் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். பலர் டிசிபியை மட்டும் திருப்பிவிட்டு யூடிபியை மறந்துவிடுகிறார்கள். சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருந்தால் வீட்டில் என்ன செய்தாலும் நிலவரம் மாறாது; அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டு ரவுட்டரைப் பற்றி இன்னொன்று. ஐ2பி ஓடும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்குமே இணையம் அறுந்துபோகிறது என்றால், மலிவான ரவுட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பி வழிகிறது. ஐ2பியின் உச்ச இணைப்பு எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஐ2பி பயன்படுத்துகிறீர்கள் என்பதை ஐ2பி மறைப்பதில்லை. மற்ற கணுக்கள் உங்களை அடைவதற்காக உங்கள் ஐபி முகவரி வலையமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கும். எதைப் பகிர்கிறீர்கள், யாருடன் பகிர்கிறீர்கள் என்பதுதான் மறைக்கப்படுகிறது. பயன்படுத்துவதே தெரியக்கூடாத சூழலில் இருப்பவர்கள் ‘மறைநிலை’ அமைப்பைத் தேர்வு செய்யலாம். அப்போது உங்கள் முகவரி அந்தப் பட்டியலில் வராது, மற்றவர்களின் போக்குவரத்தையும் நீங்கள் சுமக்க மாட்டீர்கள். அதிலும் உங்கள் சேவை நிறுவனம் போக்குவரத்தின் தன்மையை வைத்து ஊகிக்க வாய்ப்பு உண்டு.

“டாரென்ட் பூஜ்யத்திலேயே நிற்கிறது”

டாரென்ட் என்பது ஒரே கோப்பைப் பலர் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை. ஐ2பியுடன் வரும் ஐ2பி ஸ்னார்க் என்ற டாரென்ட் மென்பொருளில் ஒரு டாரென்ட்டைச் சேர்க்கிறீர்கள். மணிக்கணக்கில் ஒரு பியர்கூட, அதாவது அதே கோப்பைப் பகிரும் இன்னொருவர்கூடக் கிடைக்கவில்லை. அந்த டாரென்ட் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பொது இணையத்தில் புழங்கும் டாரென்ட் என்றால் விடை கிடைத்துவிட்டது. ஐ2பி ஸ்னார்க் ஐ2பிக்கு உள்ளே இருப்பவர்களுடன் மட்டுமே பேசும். வெளியே ஆயிரம் பேர் அந்தக் கோப்பை வைத்திருந்தாலும் அவர்கள் இதற்குக் கண்ணுக்குத் தெரியாதவர்கள். இது குறைபாடு அல்ல. இந்தச் சுவர்தான் உங்களைக் காக்கிறது.

வெளியே இருக்கும் கோப்பை உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுக்க விரும்பினால், அதைக் கையில் வைத்திருக்கும் யாராவது ஒருவர் ஐ2பிக்குள் இயங்கும் டிராக்கரை (யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) சேர்த்து, உள்ளே புதிதாக சீட் செய்யத் தொடங்க வேண்டும், அதாவது முழுக் கோப்பையும் பிறருக்குக் கொடுக்கத் தொடங்க வேண்டும். லினக்ஸ் வட்டுப் பிரதிகள், பொது உரிமை நூல்கள், நீங்களே எடுத்த படங்கள் போன்றவற்றை இப்படி உள்ளே கொண்டுவரலாம். இன்னொருவருக்கு உரிமையான படைப்பைப் பகிர்வது அநாமதேய வலையமைப்பிலும் சட்டத்துக்குப் புறம்பானதுதான். முகம் மறைவதால் அது மாறிவிடாது.

டாரென்ட் ஐ2பிக்குள் பிறந்ததுதான், ஆனாலும் நகரவில்லை என்றால் இன்னும் இரண்டு காரணங்களைப் பாருங்கள். மேக்னெட் இணைப்பாகச் சேர்த்திருந்தால், கோப்பின் விவரத் தகவலையே முதலில் யாரிடமாவது வாங்கியாக வேண்டும். ஐ2பியில் இதற்கே நெடுநேரம் பிடிக்கும். டாரென்ட் கோப்பாகவே கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், சீட் செய்பவர் தற்போது இணைப்பில் இல்லாமல் இருக்கலாம். சிறிய வலையமைப்பில் இது சகஜம். ஒருநாள் ஓடவிடுங்கள்.

முகவரி திறக்கவில்லை என்று தனியே ஒரு புகார் வரும். ஐ2பியின் எளிய பெயர்கள் ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள முகவரிப் புத்தகத்தைச் சார்ந்தவை. உங்களிடம் அந்தப் பெயர் இல்லாமல் இருக்கலாம். எதிர்முனையில் இருப்பவரிடம் 52 எழுத்துகள் கொண்ட நீள முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பிரவுசரின் பிராக்ஸி (அதன் போக்குவரத்தை வாங்கி அனுப்பும் இடைவழி) 127.0.0.1, போர்ட் 4444 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“வேகமே இல்லை”

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். ஐ2பியில் உங்களிடமிருந்து கிளம்பும் தரவு இயல்பாக மூன்று கணுக்களைக் கடந்து வெளியே போகிறது; அதைப் பெறுகிறவரின் பக்கத்தில் இன்னும் மூன்று. போக ஆறு, பதில் வர ஆறு. போன வழியே பதில் திரும்புவதும் இல்லை. நடுவில் இருக்கும் ஒவ்வொரு கணுவும் எங்கோ ஒருவருடைய வீட்டுக் கணினியாக இருக்கக்கூடும். வரிசையில் மிக மெதுவான ஒன்று எதுவோ, அதன் வேகம்தான் உங்கள் வேகம். விநாடிக்குச் சில பத்து கிலோபைட் வந்தால் மென்பொருள் பழுதாகிவிட்டதாக நினைக்காதீர்கள்.

இனி உங்கள் கையில் உள்ளவை. அலைவரிசை அமைப்பைத் திறங்கள். ஐ2பி தொடக்கத்தில் அடக்கமான வரம்பு ஒன்றை வைத்துக்கொள்கிறது. ஐ2பிடியில் இயல்பான வரம்பு விநாடிக்கு 32 கிலோபைட் மட்டுமே. அதை மாற்றாமலேயே மாதக்கணக்கில் வேகம் போதவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. எண்ணை எழுதும்போது அலகைக் கவனியுங்கள். சேவை நிறுவனம் சொல்வது விநாடிக்கு மெகாபிட். இங்கே கேட்பது கிலோபைட். 40 மெகாபிட் இணைப்பு என்றால் சுமார் 5,000 கிலோபைட். பெட்டியில் 40 என்று எழுதினால், உங்கள் இணைப்பை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே நீங்களே நெரித்துவிடுகிறீர்கள். பதிவேற்ற வேகம் வேறாக இருக்கும். அதையும் அளந்து, அதில் முக்கால் பங்கை எழுதுங்கள். முழுவதையும் கொடுத்தால் வீட்டில் மற்ற வேலைகள் திணறும்.

மற்றவர்களுக்காகப் பகிரும் பங்கைக் குறைத்தால் எனக்கு வேகம் கூடுமே என்று தோன்றும். குறைக்காதீர்கள். பிறருடைய போக்குவரத்து உங்கள் வழியாக ஓடுவது ஒரு சேவை. கூடவே உங்களுக்குக் கவசமும் ஆகிறது. உங்கள் கணினியிலிருந்து வெளியேறுவதில் எது உங்களுடையது, எது மற்றவருடையது என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் எளிதில் பிரிக்க முடியாமல் போவது அதனால்தான்.

அடுத்து, நிரலை ஓடவிடுங்கள். ஒவ்வொரு கணுவும் மற்ற கணுக்களைப் பற்றி, யார் வேகம், யார் நம்பகம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு சேரச் சேரத்தான் நல்ல சுரங்கங்கள் அமையும். தேவைப்படும்போது மட்டும் திறந்து அரை மணி நேரத்தில் மூடுகிறவருக்கு ஐ2பி எப்போதும் மந்தமாகத்தான் இருக்கும். மூடும்போதும் ‘சீராக நிறுத்து’ என்பதையே தேர்வு செய்யுங்கள். அதற்குப் 10 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகலாம். உங்களை நம்பி ஓடும் மற்றவர்களின் சுரங்கங்கள் அறுந்துபோகாமல் ஆயுள் முடியக் காத்திருக்கும் நேரம் அது.

கடைசியாக, ஐ2பி ஸ்னார்க்கின் அமைப்புகளில் சுரங்கங்களின் எண்ணிக்கை, நீளம் என்று இரண்டு எண்கள் இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டலாம், பெரிய கோப்புகளுக்கு அது உதவும். நீளத்தைத் தொடாதீர்கள். மூன்றை ஒன்றாக்கினால் வேகம் பாய்வதைக் கண்ணாரக் காண்பீர்கள். பூஜ்யமாக்கினால் இன்னும் பாயும். பூஜ்யம் என்றால் இடையில் யாருமே இல்லை. உங்கள் பக்கத்து மறைப்பு முழுவதும் போய்விட்டது. ‘வேகத்துக்கு இதைச் செய்யுங்கள்’ என்று யாராவது பரிந்துரைத்தால், மறைப்பு தேவையே இல்லாத கோப்புக்கு மட்டும்தான் அது பொருந்தும். அப்படிப்பட்ட கோப்புக்கு இந்த மென்பொருளே தேவையில்லை.

“எல்லாம் அருமையாக, மிக வேகமாக ஓடுகிறது”

இதை ஓர் அறிகுறியாக யாரும் எண்ணுவதில்லை. இந்தப் பக்கத்தில் நீங்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். அநாமதேய வலையமைப்பின் வழியே விநாடிக்குப் பல மெகாபைட் வந்தால், முதலில் சந்தேகப்படுங்கள்.

டாரென்ட் நுட்பத்தை பிராம் கோஹன் 2001இல் வெளியிட்டபோது, பெரிய கோப்புகளைப் பலரும் பங்கிட்டு விரைவாக விநியோகிப்பதுதான் நோக்கம். மறைப்பு அதன் வடிவமைப்பில் இல்லை. ஒரே கோப்பைப் பகிரும் கூட்டத்தில் ஒவ்வொருவருடைய ஐபி முகவரியும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் கவனிப்பதற்கென்றே ஒருவர் சேர்ந்தாலும் நமக்குத் தெரியாது.

இதைக் கேட்டவுடன் பலர் செய்வது, டாரென்ட் மென்பொருளின் பிராக்ஸி பெட்டியில் டோரைச் சேர்ப்பது. இதைச் செய்யாதீர்கள். டோர் டிசிபியை மட்டுமே சுமக்கும், யூடிபியைச் சுமக்காது. டாரென்ட் மென்பொருள்களோ பியர்களைத் தேடும் டிஹெச்டி வசதிக்கும் பல டிராக்கர்களுக்கும் யூடிபியைத்தான் பயன்படுத்துகின்றன. பிராக்ஸி வழியே போக முடியாததைச் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் நேரடியாக அனுப்பிவிடும். இன்னும் சில, டிராக்கருக்கு அனுப்பும் செய்தியின் உள்ளேயே உங்கள் உண்மையான ஐபியை எழுதிவிடும்; உறைமேல் இல்லாத முகவரி கடிதத்துக்குள் இருப்பதைப் போல. டோர் திட்டத்தினரே 2010இல் இதை விளக்கி, டோர் வழியே டாரென்ட் வேண்டாம் என்று எச்சரித்தார்கள். 2011இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் செய்து காட்டிய ஆய்வில், 23 நாட்களில் டோர் பயனாளர்களின் சுமார் 10,000 ஐபி முகவரிகள் டாரென்ட் வழியாகவே வெளிப்பட்டன. அதைவிடக் கவலை தருவது அடுத்த படி: டாரென்ட்டால் அடையாளம் தெரிந்தவுடன், அதே டோர் பாதையில் ஓடிய அவரது மற்ற இணையப் பயன்பாட்டையும் அவருடன் இணைக்க முடிந்தது. ஒரு மென்பொருளின் கசிவு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

கியூபிட்டாரென்ட் என்ற டாரென்ட் மென்பொருளில் 4.6ஆம் பதிப்பிலிருந்து ஐ2பி ஆதரவு பரிசோதனை நிலையில் இருக்கிறது. அதில் ‘கலப்பு முறை’ என்று ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் ஐ2பி டாரென்ட்டும் பொது இணையப் பியர்களுடன் பேசத் தொடங்கும். மறைப்பு அந்த நொடியே முடிந்தது. கலப்பு முறையை அணைத்திருந்தாலும்கூட, அதே மென்பொருளில் சேர்க்கும் சாதாரண டாரென்ட் வெளிப்படையாகவே ஓடும். ஐ2பியை இயக்கிவிட்டேன், இனி எல்லாமே மறைந்துவிடும் என்று நம்புவது இங்கே நடக்கும் பெரிய தவறு. என் பரிந்துரை தெளிவானது: மறைத்துப் பகிர ஐ2பி ஸ்னார்க், மற்றவற்றுக்கு வேறு மென்பொருள். இரண்டையும் ஒரே ஜன்னலில் கலக்காதீர்கள்.

கசிகிறதா என்று சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. டாரென்ட் மென்பொருள் தனியாகவும் ஐ2பி நிரல் தனியாகவும் இருந்தால், பதிவிறக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐ2பி நிரலை நிறுத்துங்கள். சீராக நிறுத்தினால் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அது முழுவதும் நின்ற பிறகு பாருங்கள். பதிவிறக்கம் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். தொடர்ந்து ஒரு கிலோபைட் வந்தாலும் அது ஐ2பி வழியாக வரவில்லை. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் வலையமைப்புத் தாவலிலும் இதைச் சரிபார்க்கலாம்: டாரென்ட் மென்பொருளின் பெயருக்கு எதிரே 127.0.0.1 மட்டுமே இருக்க வேண்டும். வேறு ஐபி எண்கள் வரிசையாகத் தெரிந்தால் உடனே மூடுங்கள்.

‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளத்தை பிரவுசரில் திறந்து பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அது பிரவுசரின் பாதையைத்தான் காட்டுகிறது. டாரென்ட் மென்பொருள் எந்தப் பாதையில் போகிறது என்பதற்கு அதில் சாட்சியம் இல்லை.

“அனுப்பிய ஆனியன்ஷேர் முகவரி அவருக்குத் திறக்கவில்லை”

ஒருவர் இன்னொருவருக்குக் கோப்பைக் கொடுக்க டாரென்ட் தேவையில்லை, ஆனியன்ஷேர் போதும். அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கோப்பு எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் ஏறுவதில்லை. உங்கள் கணினியே தற்காலிக சர்வராக மாறுகிறது. ஆகவே மறுமுனையில் அவர் இறக்கி முடிக்கும்வரை உங்கள் கணினி விழித்திருக்க வேண்டும். மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுப் போனால் முகவரி செத்துப்போகும். அமைப்புகளில் உறக்க நிலையை அணைத்துவிட்டு, மின்னிணைப்பில் வையுங்கள்.

அடுத்து, பெறுகிறவர் எதில் திறக்கிறார் என்று கேளுங்கள். சாதாரண பிரவுசர் இந்த முகவரியைப் புரிந்துகொள்ளாது. டோர் பிரவுசர் வேண்டும். ஆனியன் முகவரி 56 எழுத்துகள் நீளம். கைப்பேசியில் நகலெடுக்கும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும் திறக்காது. முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளைத் தொலைபேசியில் வாசித்துச் சரிபார்த்தால் விஷயம் முடிந்தது.

முகவரி திறந்து, சாவி கேட்கிறது என்கிறாரா? ஆனியன்ஷேர் முகவரியுடன் ஒரு தனிச்சாவியையும் தருகிறது. நீங்கள் முகவரியை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் பலர் சலித்துப்போய், சாவி தேவையில்லாத ‘பொதுச் சேவை’ தேர்வை இயக்கிவிடுகிறார்கள். வேண்டாம். அப்படிச் செய்தால் முகவரி யார் கையில் கிடைத்தாலும் கோப்பும் கிடைக்கும். சாவியை வேறொரு வழியில் அனுப்புங்கள்: முகவரி மின்னஞ்சலில் போனால், சாவி மறையாக்கம் உள்ள செய்திச் செயலியில் போகட்டும்.

முதலில் ஒருவருக்குத் திறந்தது, இரண்டாமவருக்குத் திறக்கவில்லை என்றால் அது பழுதல்ல. ஒருமுறை அனுப்பி முடித்தவுடன் பகிர்வு நின்றுவிடுவதுதான் இயல்பு அமைப்பு. பலருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தொடங்கும் முன்பே அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பெரிய கோப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் அதைச் சில நூறு மெகாபைட் துண்டுகளாகப் பிரித்து அனுப்புங்கள். அறுந்த துண்டை மட்டும் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

“ஹைப்பநெட்டில் போட்ட கோப்பு காணாமல் போய்விட்டது”

2000இல் இயான் கிளார்க் ஃபிரீநெட் என்ற பெயரில் வெளியிட்ட வலையமைப்புதான் 2023 முதல் ஹைப்பநெட் என்று அழைக்கப்படுகிறது. இதில் கோப்பு சிறு துண்டுகளாக மறையாக்கப்பட்டுப் பலருடைய கணினிகளில் சிதறி வைக்கப்படுகிறது. ஏற்றியவர் கணினியை அணைத்துவிட்டாலும் கோப்பு கிடைக்கும். டாரென்ட்டில் இல்லாத பெரிய வசதி இது. ஆனால் யாரும் கேட்காத துண்டுகளை, இடம் தேவைப்படும்போது கணுக்கள் கைவிட்டுவிடும். ‘தரவு கிடைக்கவில்லை’ என்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

முதலில் சாவியைச் சரிபாருங்கள்; ஹைப்பநெட்டில் கோப்பின் முகவரியே சாவிதான். நடுவே காற்புள்ளிகள் கொண்ட நீண்ட சரம் அது. சில செயலிகள் காற்புள்ளியோடு இணைப்பை வெட்டிவிடும். சாவி முழுமை என்றால் கோப்பை மீண்டும் ஏற்றத்தான் வேண்டும். ஏற்றும் பக்கத்தில் இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்றில் அதே கோப்புக்கு அதே சாவி கிடைக்கும்; பழைய இணைப்புகள் உயிர்பெறும் என்பதால் ஆசையாக இருக்கும். ஆனால் அந்தக் கோப்பை ஏற்கெனவே வைத்திருக்கும் எவரும் துண்டுகளின் சாவிகளை முன்கூட்டியே கணக்கிட்டு, அவற்றை யார் ஏற்றுகிறார்கள் என்று நோட்டமிட முடியும். மற்றது ஒவ்வொரு முறையும் புதுச் சாவி தரும். ஏற்றுகிறவர் யார் என்று தெரியக்கூடாத கோப்புக்கு இரண்டாவதையே தேர்வு செய்யுங்கள். புதுச் சாவியைத் திரும்பச் சொல்லும் சிரமம் தாங்கக்கூடியதுதான்.

“வலையமைப்பில் கசிவில்லை, ஆனாலும் யார் என்று தெரிந்துவிட்டது”

இப்போது கோப்பையே சந்தேகியுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தில் எடுத்த இடமும் நேரமும் கருவியின் பெயரும் பதிந்திருக்கலாம். அலுவலக ஆவணத்தின் பண்புகளில் எழுதியவர் பெயர் இருக்கும். டாரென்ட் கோப்பிலேயேகூட, எந்த மென்பொருளில், எந்தத் தேதியில் உருவாக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கக்கூடும். உங்கள் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் ‘இறுதி வடிவம்’ என்று ஒரு கோப்பு. அப்படியே டாரென்ட் ஆக்கினால் பெயரும் சேர்ந்தே ஊர் சுற்றும். எக்சிஃப்டூல், மேட்2 போன்ற கருவிகளால் இந்த மறைதகவல்களைத் துடைக்கலாம். துடைத்தபின் ஒருமுறை திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். கருவி எல்லா வகைக் கோப்புகளையும் கையாளும் என்று நம்பிவிடாதீர்கள்.

பகிரும் கோப்புறை எது என்பதும் அதே அளவு முக்கியம். ஜப்பானில் 2002இல் வந்த வின்னி என்ற அநாமதேயப் பகிர்வு மென்பொருளை ஆன்டின்னி என்ற வைரஸ் குறிவைத்தது. அது பயனாளரின் சொந்தக் கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறைக்குத் தள்ளிவிடும். தற்காப்புப் படை தொடர்பான தகவல்கள்கூட அந்த வழியில் கசிந்தன. 2006இல் அரசே மக்களிடம் வின்னியைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பகிர்வுக்கெனத் தனிப் பயனாளர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் வேறெந்தச் சொந்த ஆவணமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளையும் திட்டத்தின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கிக் கையொப்பத்தைச் சரிபாருங்கள்.

“கசிந்துவிட்டது என்று உறுதியாகிவிட்டது”

மென்பொருளை உடனே மூடுங்கள். போன ஐபி முகவரியைத் திரும்பப் பெற முடியாது. வீட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டால் புது முகவரி கிடைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் பழைய முகவரி யாரிடம் இருந்தது என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கக்கூடும். கசிவு எந்த நாளில், எந்த அமைப்பால் ஏற்பட்டது என்று கண்டுபிடிக்கும்வரை அதே டாரென்ட்டையோ அதே புனைபெயரையோ மீண்டும் தொடாதீர்கள். ஆனியன்ஷேர் என்றால் தாவலை மூடிப் புதிதாகத் திறங்கள். புதிய முகவரியும் சாவியும் கிடைக்கும். ஐ2பி என்றால் சுரங்க நீளம், கலப்பு முறை, பிராக்ஸி ஆகிய மூன்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, மேலே சொன்ன நிறுத்திப் பார்க்கும் சோதனையை முதலில் ஒரு லினக்ஸ் வட்டுப் பிரதியை வைத்துச் செய்து பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. யாருடன் பகிர்ந்தீர்களோ அவருக்குத் தெரிவியுங்கள். ஆவணம் கொடுத்தவர், செய்தியாளர், வழக்கறிஞர், நண்பர், யாராக இருந்தாலும் உங்கள் கசிவு அவரையும் தொடும். என்ன கோப்பு, எந்த நாள், எவ்வளவு நேரம் வெளியே தெரிந்தது என்ற மூன்றையும் அவரிடம் சொல்லுங்கள். கசிந்த வழியில் அல்லாமல் வேறொரு வழியில் சொல்லுங்கள்.